பரந்தாமன் அணைக்காத பெட்டி

விளக்கேற்றுகிறவர்களைப் பற்றி ஊரில் நிறையப் பேசியாகிவிட்டது. அதை அணைக்கிறவர்களைப் பற்றித்தான் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. இது பெரிய அநியாயம், ஏனென்றால் எண்ணிப் பார்த்தால் அவர்கள்தான் அதிகம். நீங்களும் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு வாய் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள் உங்கள் நாற்காலிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றிருந்தால், குளியலறையில் தலை நிறையச் சோப்போடு நிற்கும்போது வெளியே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு உலகமே இருண்டுவிட்டால், கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்திக்காரர்கள் ரசம் எது பாயசம் எது என்று விரலால் தொட்டுக் கண்டுபிடிக்க நேர்ந்தால், சந்தேகமே வேண்டாம். அவர் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறார். இந்த இனத்துக்கு டக்குக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

டக்குக்காரரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சர் வேறு சாதி. டக்குக்காரர் நாலு பேருக்கு டீ வாங்கிக் கொடுப்பார், கோயில் நன்கொடை நோட்டில் தாராளமாக எழுதுவார், அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கட்டில் பீரோவே கூட எடுத்துக் கொடுப்பார். அவருக்குப் பொறுக்க முடியாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அது யாருக்காக ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான், விரல் நமநமக்கத் தொடங்கிவிடும். "யாருக்கு ஓடுது இது?" என்று கேட்பார். பதில் வருவதற்குள் டக்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். பெயர் பரந்தாமன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு இரும்புத் தகட்டில் பிராக்கெட் அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் பதினெட்டு வருடமாக மேனேஜர். சட்டைப் பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. அவர் வருகிறார் என்பதற்கு அடையாளம் அந்தச் சாவிகளின் சத்தம். வந்துவிட்டுப் போனார் என்பதற்கு அடையாளம் இருட்டு.

வீடு வெள்ளானூரில். மனைவி விஜி. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அந்த அம்மாள் ஒரு டிவி சீரியலைக்கூட முடிவுவரை பார்த்தது கிடையாது. கதாநாயகி கண்ணைக் கசக்கிக்கொண்டு உண்மையைச் சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் விஜி ஒரு தும்மல் தும்மினால் போதும், "நீதான் பார்க்கலையே" என்று டக். மிக்ஸியில் தேங்காய் பாதி அரைபடும்போது உப்பு எடுக்கத் திரும்பினால் டக். பரந்தாமனின் சட்டைகளில் முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டிருக்கும். பின்பக்கம் போடுவதற்காக விஜி சட்டையைத் திருப்பிப் போட்ட இடைவெளியில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டில் அவர் தொடாத சுவிட்சு ஒன்றே ஒன்று உண்டு. அது பிரிட்ஜினுடையது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறது.

இனி தொழிற்சாலைக்கு வாருங்கள், வாசலில் விளக்கு இருக்காது, பார்த்து வாருங்கள்.

உள்ளே பன்னிரண்டு பிரஸ் மிஷின்கள் வரிசையாக நின்று தடால் தடால் என்று தகட்டை அடித்துக்கொண்டிருக்கும். பரந்தாமனுக்கு அவற்றின் மேல் கோபமே இல்லை. ஒரு பக்கம் தகடு போகிறது, மறுபக்கம் பிராக்கெட் விழுகிறது, யாருக்கு ஓடுகிறது என்று கேட்க இடமே இல்லை. ஆனால் கோடியில், மெயின் போர்டுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி நின்றது. அதற்குச் சக்கரம் இல்லை, பெல்ட் இல்லை. உள்ளே எதுவும் போவதில்லை, வெளியே எதுவும் விழுவதில்லை. நாள் முழுக்க 'ம்ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

அதுதான் கெப்பாசிட்டர் பெட்டி. முன்பெல்லாம் கெப்பாசிட்டர்கள் கூரைக்கடியில் எட்டாத உயரத்தில் இருந்தன. அவை இருப்பதே பரந்தாமனுக்குத் தெரியாது. போன தைமாதம் பழையவற்றைக் கழற்றிவிட்டுப் புதியதை, வசதியாக இருக்கட்டும் என்று, கைக்கெட்டும் உயரத்தில் சுவிட்சோடு வைத்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

முதல் நாளே பரந்தாமன் அதன் முன் நின்று கேட்டார். "யோவ் துலுக்கானம், இது யாருக்கு ஓடுது?"

துலுக்கானம் அந்தத் தொழிற்சாலையின் எலெக்ட்ரீஷியன். முத்தாபுதுப்பேட்டைக்காரர். நிதானமான மனிதர்; ஷாக் அடித்தால்கூட ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் கையை எடுப்பார் என்று சொல்வார்கள்.

"சார், நம்ம பிரஸ்ஸு மோட்டாருக்கு ரெண்டு தினுசு கரண்ட் வோணும் சார். ஒண்ணு வேலை செய்யறதுக்கு. இன்னொண்ணு மோட்டார் உள்ளாற காந்தம் உண்டாவறதுக்கு. அந்தக் காந்தக் கரண்டு கீதே, அது லைன்ல வரும், போவும், வரும், போவும். வேலைன்னு ஒண்ணும் செய்யாது. ஆனா அது இல்லேன்னா மோட்டார் சுத்தாது."

"வேலை செய்யாததுக்கு லைன்ல என்னய்யா வேலை?"

"அத்தான் சார் மேட்டரு. ஆவடிக்கு ஷேர் ஆட்டோ போவுது பாருங்க. டிரைவர் பக்கத்துல அவன் ஃபிரெண்டு ஒருத்தன் ஒக்காந்துகினு போவான், வருவான், போவான், வருவான். டிக்கெட்டு கிடையாது. ஆனா அவன் பேச்சுத்துணைக்கு இல்லாங்காட்டி டிரைவர் வண்டியே எடுக்க மாட்டான். இவனால ஒரு பாசெஞ்சர் எடம் போச்சா இல்லியா? இந்தப் பெட்டி இன்னா பண்ணுதுன்னா, அந்த ஃபிரெண்டுக்கு நம்ம ஸ்டாண்டுலயே ஒரு ஸ்டூலைப் போட்டு ஒக்கார வெச்சிடுது. டிரைவருக்கும் துணையாச்சு, அவ்ளோ தூரம் வண்டில எடமும் மிச்சமாச்சு. இதுக்குப் பேருதான் சார் பவர் ஃபேக்டரு. முழு மார்க்கு ஒண்ணு. பாயின்ட் தொண்ணூறுக்குக் கீழ போனா ஈ.பி. பில்லுல அபராதம்."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? பரந்தாமன் மிகவும் கவனமாகக் கேட்டார். டக்குக்காரர்கள் எப்போதும் கவனமாகத்தான் கேட்பார்கள். கேட்டு முடித்ததும் அவர் மனதில் தங்கியது ஒரே செய்தி: இங்கே ஒருவன் ஸ்டூல் போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.

டக்.

அன்றிலிருந்து இது ஒரு சடங்காயிற்று. காலையில் மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் துலுக்கானம் பெட்டியைப் போடுவார். பத்து மணி டீ முடிந்து பத்தே காலுக்குச் சாவிச் சத்தம் வரும். டக். அவர் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவே ஒரு மணி நேரமாகும், நகர்ந்ததும் துலுக்கானம் போடுவார். பதினொன்றரைக்கு மறுபடி சாவிச் சத்தம், சாயங்காலம்வரை இப்படியே. டக். துலுக்கானம் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுப் பார்த்தார். தொழிற்சாலையின் அத்தனை பூட்டுக்கும் மாற்றுச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது? 'அணைக்காதீர்' என்று சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டிப் பார்த்தார். பரந்தாமன் அதைப் படித்துவிட்டு, "எவனோ குசும்பு பண்றான்" என்று கிழித்துப் போட்டுவிட்டு, டக்.

முதலாளி அப்துல் ரசாக். பூந்தமல்லியில் சின்னப் பட்டறையாக ஆரம்பித்து இங்கே வந்தவர். எல்லோருக்கும் பாய். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஒவ்வொரு மாதமும் பில்லில் பவர் ஃபேக்டர் 0.97லிருந்து 0.80க்குக் குட்டிக்கரணம் அடித்ததைப் பார்த்துவிட்டு, வைகாசிக் கடைசியில் பரந்தாமனைக் கூப்பிட்டார்.

"பரந்தாமன், ஆகஸ்ட்டு முப்பத்தொண்ணோட உங்களுக்கு அம்பத்தெட்டு முடியுது. நீட்டிப்பு கேட்டிருக்கீங்க. என் பையன், புது ஆளைப் போடலாம்னு சொல்றான். நான் ஒண்ணு சொல்றேன். இந்தப் பவர் ஃபேக்டரு ஏன் விழுதுன்னு கண்டுபுடிச்சு நிமிர்த்துங்க. அப்புறம் பேசலாம்."

பரந்தாமனுக்கு வேலை போவது பெரிய விஷயமில்லை. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொழிற்சாலையில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சுவிட்சுகள். வெள்ளானூர் வீட்டில் பதினேழு. நானூற்றுப் பன்னிரண்டு ஆண்ட கைக்குப் பதினேழு எந்த மூலைக்கு? அதில் பிரிட்ஜைக் கழித்தால் பதினாறு. அன்று அவர் வீடு போகும்போது பஸ்ஸில் மனம் உடைந்து, டிரைவர் தலைக்கு மேல் எரிந்த விளக்கைக்கூடக் கவனிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவர் அழுதுகொண்டு உட்காருகிற ஆள் இல்லை. மறுநாளே விசாரணையைத் தொடங்கினார். ஆம், விசாரணை அதிகாரி பரந்தாமன். சுவரில் கன்னம் வைத்தவரே கையில் டார்ச்சுடன் திருடனைத் தேடிப் புறப்பட்டார், அதுவும் மனசாட்சி துளிக்கூட உறுத்தாமல்.

துலுக்கானம் கால் மணிக்கு ஒரு தரம் மீட்டர் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒன்பது மணி, 0.97. பத்து மணி, 0.97. பத்தே கால், 0.78. பரந்தாமன் அந்த நோட்டை மூன்று நாள் படித்தார். நான்காம் நாள் துள்ளி எழுந்தார். "பத்தே காலுக்கு என்னமோ நடக்குதுய்யா!"

"ஆமா சார்," என்றார் துலுக்கானம், நோட்டை இன்னும் கிட்டே நகர்த்தி. "பத்தே காலுக்கு இன்னா நடக்குதுன்னு நீங்களே நல்லா ரோசனை பண்ணுங்க சார்."

பரந்தாமன் நன்றாக யோசித்தார். யோசித்து, நேரே கேன்டீனுக்குப் போனார். அங்கே வேம்புலியம்மாள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிரைண்டரில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"இது பத்தே காலுக்குத்தான் ஓடுதா?"

"ஆமா சார், டீக் கிளாசு கழுவிட்டு..."

டக். அன்றிலிருந்து தொழிற்சாலையில் துவையல் கிடையாது. நூற்றிருபது பேர் மோரையும் ஊறுகாயையும் பார்த்து மூக்கால் அழுதார்கள். பவர் ஃபேக்டர் அசையவில்லை. அடுத்து வாசல் காவலரின் ரேடியோ, அடுத்து கணக்குப்பிள்ளையின் டேபிள் ஃபேன், அடுத்து கழிப்பறையில் கை காயவைக்கும் மிஷின். ஒவ்வொன்றாகக் கைது செய்தார். கழிப்பறையிலிருந்து எல்லோரும் ஈரக் கையை உதறிக்கொண்டு வந்தார்கள். நோட்டில் அதே 0.78.

கடைசியில் துலுக்கானத்துக்குப் பொறுக்கவில்லை. "சார், பெட்டி பக்கத்துல செம்புத் துண்டு திருடு போவுதுன்னு ஒரு கேமரா மாட்டினாங்க இல்ல? அதைப் பார்த்துடலாம் சார்."

இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். இப்போது பரந்தாமன் தன்னையே பார்த்து வெட்கித் தலைகுனியப் போகிறார் என்று துலுக்கானம் நம்பினார். நீங்களும் நம்புகிறீர்கள். படத்தில் மணி பத்து பதினான்கு. பெட்டி தனியாக நிற்கிறது. பத்து பதினைந்து. முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்ட ஒரு சட்டையின் பின்பக்கம் வருகிறது. கை உயர்கிறது. டக்.

துலுக்கானம் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

பரந்தாமன் முகத்தில் பெருமை பொங்கி வழிந்தது. "பார்த்தியா? நான் மட்டும் அந்த நேரத்துக்கு அங்க போகலைன்னா இன்னும் எவ்வளவு மோசமாயிருக்கும்!"

துலுக்கானம் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் சிறிது நேரம் நின்றார்.

அவர் முதலாளியிடம் போய்ப் போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் துலுக்கானத்தின் மகள் டெங்கு வந்து ஆவடி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூன்று நாளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர் பரந்தாமன் ஒருவர்தான். வார்டில் நாலு ஃபேனை அணைத்து நர்சிடம் திட்டு வாங்கினார் என்பது வேறு விஷயம். ஆனால் உட்கார்ந்தார். அதை எப்படி மறப்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை விஜி போன் செய்தாள். வாஷிங் மெஷின் துணியை உள்ளே வைத்துக்கொண்டு கதவைத் திறக்க மாட்டேன் என்கிறதாம். துலுக்கானம் வெள்ளானூர் போனார். பாதித் துவைப்பில் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். யார் என்று அவர் கேட்கவில்லை.

"சார் எங்க, அண்ணி?"

"தெருமுனையில பட்டப்பகல்ல தெருவிளக்கு எரியுதாம். அதை அணைக்க ஆள் தேடிக்கினு போயிருக்காரு," என்றாள் விஜி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "துலுக்கானம், அவருக்கு நீட்டிப்பு கிடைக்குமா? கிடைக்கலைன்னா என் கதி இன்னா? அங்க எட்டு மணி நேரம் அணைச்சிட்டு வர்றதாலதான் இங்க நான் உசுரோட கீறேன். நாள் முழுக்க ஊட்டோட இருந்தா, மூச்சு வுடறது யாருக்குன்னு கேப்பாரு."

துலுக்கானம் பார்வையைத் திருப்பினார். அப்போதுதான் அந்தப் பிரிட்ஜ் கண்ணில் பட்டது. கதவில் மஞ்சள் தடவி மூன்று குங்குமப் பொட்டு. கைப்பிடியில் மல்லிகைச் சரம். மேலே ஒரு சின்ன அம்மன் படம். சுவிட்சைச் சுற்றிலும் விபூதிப் பட்டை.

"இன்னா அண்ணி, பிரிட்ஜுக்குப் பூவெல்லாம் சுத்தி கீது?"

"அதுவா? ராத்திரில பிரிட்ஜு யாருக்கு ஓடுதுன்னு தினம் அணைச்சிடுவாரு. காலைல பாத்தா பால் திரிஞ்சு, மாவு பொங்கி வழிஞ்சு நிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பொட்டு வெச்சு அம்மனை ஏத்திட்டேன். அன்னைலேர்ந்து கிட்ட வந்தா கன்னத்துல போட்டுக்கினு போறாரு."

துலுக்கானம் பிரிட்ஜைப் பார்த்தார். விஜியைப் பார்த்தார். மறுபடி பிரிட்ஜைப் பார்த்தார். வாஷிங் மெஷினின் கதவு அந்த நேரத்தில் தானாகவே திறந்துகொண்டது. அதை நல்ல சகுனம் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை வந்தது. வேம்புலியம்மாள் விடிகாலையிலேயே வந்து கேன்டீனில் கூழ் காய்ச்சினாள். துவையல் பறிபோன கோபம் அவளுக்கு. இந்தக் காரியத்தில் அவளைவிட உற்சாகமான ஆள் கிடையாது. பெட்டியின் முன்பக்கம் மஞ்சள் பூசி, தட்டு அளவுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்து, வேப்பிலைத் தோரணம் கட்டி, எலுமிச்சம்பழ மாலையும் போட்டாள். மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொம்பை எடுத்தபோதுதான் துலுக்கானம் பாய்ந்து கையைப் பிடித்தார். "ஆயா, தண்ணி மட்டும் வோணாம். ஆத்தா அங்கேயே நம்மளைக் கூப்டுக்குவா."

ஆளுக்கு ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடித்துக்கொண்டு, நூற்றிருபது பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். மோட்டார்கள் ஓடத் தொடங்கின. துலுக்கானம் சுவிட்சைப் போட்டார். 'ம்ம்ம்ம்' என்று பெட்டி முனகியது. "ஆத்தா வந்துட்டா!" என்று வேம்புலியம்மாள் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு குரல் கொடுத்தாள். பாயும் வந்து பார்த்தார். "என்ன துலுக்கானம், புதுசா ஒரு ஆளைச் சேர்த்திருக்கே போல?" என்று சிரித்துவிட்டு ஒரு சொம்பு கூழ் வாங்கிக்கொண்டு போனார்.

பத்தே கால். சாவிச் சத்தம்.

பரந்தாமன் பெட்டியின் முன் வந்து நின்றார். அவர் மனது பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இது சும்மா நிற்கிறது என்று விரல் சொல்கிறது. ஐயோ அம்மன் என்று நெஞ்சு சொல்கிறது. கை மெல்ல உயர்ந்தது. சுவிட்சுக்கு நாலு விரற்கடை தூரத்தில் நின்றது. பிரஸ் மிஷின்காரர்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். போன கை, வந்த வழியே திரும்பி, அவருடைய கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டியது.

"தாயே," என்றார் பரந்தாமன். "நீ இங்கயும் வந்துட்டியா?"

ஆனால் அப்படியே போய்விட்டால் அவர் என்ன டக்குக்காரர்? வேம்புலியம்மாள் பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கலர் பல்பு சரத்தைப் பார்த்தார். "சாமி இருக்கட்டும். சீரியல் லைட்டு யாருக்கு ஓடுது?" டக். மனது கொஞ்சம் ஆறியது.

சாயங்காலம் ஒரு சங்கடம். மோட்டார்கள் நின்ற பிறகும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, அதுவும் லைனுக்குக் கெடுதல்தான். ஆனால் அம்மனை யார் அணைப்பது? ஒருவரும் கிட்டப் போகவில்லை. துலுக்கானம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "காலைல மோட்டாரு ஓடினதும் நடை தொறப்பு. சாயங்காலம் நின்னதும் நடை சாத்தறது. பூசாரி நான். வேற யாரும் தொடக்கூடாது, தீட்டு." கற்பூரம் ஏற்றிக் காட்டிவிட்டு, பக்தியோடு சுவிட்சை இறக்கினார். இரண்டு வேளையும் தவறாமல் இது நடந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ தொழிற்சாலைகளில் இந்தப் பெட்டி இருக்கலாம். இவ்வளவு ஒழுங்காக நேரம் பார்த்துப் போட்டு எடுக்கப்பட்ட பெட்டி இது ஒன்றுதான் என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

அந்த மாதம் பவர் ஃபேக்டர் 0.98. பரந்தாமன் பில்லைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கேன்டீன் கிரைண்டரையும் ரேடியோவையும் தான் நிறுத்திய பலன் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. ஆனாலும் பெரிய மனது பண்ணி, துவையலை மறுபடி அனுமதித்தார்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று. வெள்ளானூரில் விஜி காலையிலிருந்து பிரிட்ஜ் முன் அகல்விளக்கு ஏற்றிவைத்துக் காத்திருந்தாள். இங்கே பாய் தன் அறைக்குப் பரந்தாமனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேசைமேல் பாயின் செல்போன்.

"பவர் ஃபேக்டரு நிமிர்ந்துடுச்சு. எந்த நாள்லேர்ந்து நிமிர்ந்ததுன்னு நோட்டைப் பார்த்தேன். ஆடி முதல் வெள்ளி. அன்னைக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு கேமராவைப் பார்த்தேன். அதுக்கு முந்தின நாளையும் பார்த்தேன். அதுக்கு முந்தின மாசத்தையும் பார்த்தேன், பரந்தாமன்."

பரந்தாமன் அடக்கமாகத் தலைகுனிந்தார். தன் உழைப்பு கடைசியில் முதலாளி கண்ணில் பட்டுவிட்டது.

பாய் செல்போனை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பெட்டி என்ன பண்ணுதுன்னு துலுக்கானத்தைக் கேட்டேன். ஷேர் ஆட்டோ கதை சொன்னான். சும்மா நிக்கற மாதிரிதான் தெரியும், முனகிக்கினே இருக்கும், ஆனா எடுத்துட்டா மத்தது எல்லாம் தடுமாறும்னான். நான் அதைக் கேட்டுட்டு ரெண்டு நாள் தூங்கல. ஏன் தெரியுமா? நீங்க என்ன வேலை செய்யறீங்கன்னு பதினெட்டு வருஷமா எனக்குப் புரியல. நாள் முழுக்க முனகிக்கினே சுத்தி வர்றீங்க. உள்ள எதுவும் போறதில்ல, வெளிய எதுவும் வர்றதில்ல. என் பையன் கேக்கறான், இவர் யாருக்கு ஓடறாருன்னு. எனக்குப் பதில் தெரியல. ஆனா அணைச்சுப் பார்க்க பயமா இருக்கு. ரெண்டு வருஷம் நீட்டிப்பு. இருங்க."

பரந்தாமனின் கண்கள் கலங்கிவிட்டன. இவ்வளவு உயர்வாக அவரைப் பற்றி யாரும் பேசியதில்லை. எழுந்தார், கைகூப்பினார், "நன்றி பாய்" என்றார், கதவுவரை போனார், பழக்கதோஷத்தில் கை சுவரைத் தடவியது, டக்.

"பரந்தாமன்! நான் உள்ள இருக்கேன்!" என்று இருட்டுக்குள்ளிருந்து பாயின் குரல் வந்தது. சாவிச் சத்தம் அதற்குள் தூரத்தில் போய்விட்டது. ஃபேனும் நின்றுகொண்டிருந்தது. பாய் தடவித் தடவிப் போனை எடுத்தார். "துலுக்கானம், என் ரூம் சுவிட்சுக்கும் ஏதாவது ஒரு வழி பண்ணுய்யா."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். பரந்தாமனாவது பெட்டியைத்தான் அணைத்தார். நீங்கள்? உங்கள் ஆபீசில் மூலையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு எல்லோரிடமும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த அந்த மனிதரை, "இவர் யாருக்கு ஓடறார்?" என்று கேட்டு வேறு இடத்துக்கு மாற்றினீர்களே, அதற்கடுத்த வாரத்திலிருந்து ஆபீசில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லையே, ஏன் என்று இன்னும் விசாரணை நடத்திக்கொண்டிருப்பது யார்?

சேச்சே, நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்கிறீர்கள். சரி. ஒன்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன். இரண்டு பத்திக்கு முன்னால் இதைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் எழுந்து போனீர்களே, எதற்கு? நடையில் ஏதோ விளக்கு வீணாக எரிந்தது, அவ்வளவுதானே? இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் குளியலறையிலிருந்து யாரோ உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். தலை நிறையச் சோப்பு இருக்கும். முதலில் போய்ச் சுவிட்சைப் போடுங்கள்.